இதயத்துக்கு நிறம் ஏது?

1968-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2-ஆம் நாள். தென்னாப்பிரிக்க நாட்டின் கேப் டவுன் நகரம். குரூட் ஸ்கூர் மருத்துவமனையின் அறுவைக் கூடத்திலே ஒரு வெள்ளையர் படுத்திருக்கிறார். பிலிப் பிளைபெர்க் என்பது பெயர், பல் மருத்துவர், வயது 58. அவருடைய மார்பு திறக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இதயம் இல்லை! பழுதுற்ற இதயத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். குருதியை இயந்திரம் ஒன்று ஓட்டிக்கொண்டிருக்கிறது. சற்று நேரத்தில் அந்த வெற்றிடத்திலே வேறோர் இதயத்தை வைக்கிறார்கள், தைக்கிறார்கள், குருதி பாய்கிறது, துடிக்கிறது.

யாருடைய இதயம் அது?

கிளைவ் ஹாப்ட் என்னும் 24 வயது இளைஞருடையது. நெசவாலைத் தொழிலாளி. அண்மையிலே மணமுடித்தவர். புத்தாண்டு நாளன்று கடற்கரையில் களித்திருந்தவர், மூளையிலே குருதிக் கசிவு ஏற்பட்டுச் சாய்ந்தார், மீளவில்லை. அந்நாட்டுச் சட்டம் அவர் மீது ஒட்டியிருந்த முத்திரை 'கலப்பினத்தவர்' என்பது.

முத்திரைதானே, அதனால் என்ன என்று எண்ணிவிடாதீர்கள். 1949-ஆம் ஆண்டுச் சட்டம், வெள்ளையரும் மற்றவரும் மணம் செய்துகொள்ளலாகாது என்றது. 1950-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொருவரையும் இன்ன இனம் என்று ஏட்டிலே பதிந்தது. அதே ஆண்டின் இன்னொரு சட்டம், யார் எந்தத் தெருவிலே குடியிருக்கலாம் என்று கோடு கிழித்தது. 1953-ஆம் ஆண்டுச் சட்டம், பேருந்தையும் பூங்காவின் இருக்கையையும் கடற்கரை மணலையும்கூடக் கூறு போட வழி வகுத்தது. அந்த மருத்துவமனைக்குள்ளேயே வெள்ளையர் பகுதி வேறு, மற்றவர் பகுதி வேறு!

உயிரோடு இருந்தவரையில் ஹாப்ட், பிளைபெர்க் வாழ்ந்த தெருவிலே குடியேற முடியாது. அவரோடு ஒரே இருக்கையிலே அமர முடியாது. இறந்த பிறகோ, அவருடைய இதயம் பிளைபெர்க்கின் மார்புக்குள்ளேயே குடியேறிற்று! 594 நாட்கள் அங்கே துடித்தது. எட்டி நில் என்று சட்டம் போட்டவர்களின் நாட்டிலே, உள்ளே வா என்று ஓர் உடல் அழைத்தது.

இந்த வரலாற்றை நாம் இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. உடலுறுப்புக் கொடை பற்றிப் பேசுவோர் பலர், ஈகையின் சிறப்பைப் பாடிவிட்டு அமர்ந்துவிடுகிறார்கள். ஈகை சிறந்ததே, மறுப்பாரில்லை. ஆனால், கொடுத்தவர் யார்? பெற்றவர் யார்? கேட்டுப் பெற்றார்களா, கேளாமலே எடுத்தார்களா? விலை பேசினார்களா? இவற்றைக் கேளாத ஈகைப் பேச்சு பாதிப் பேச்சே. மறுபாதியை வரலாறு பேசுகிறது.

உறுப்பு மாற்றும் கனவு புதிதன்று. நம் நாட்டுப் புராணக்காரன் மனிதப் பிள்ளையின் கழுத்திலே யானைத் தலையைப் பொருத்தினான். கண்ணப்பனைக் கொண்டு அவன் கண்ணையே பெயர்த்துக் கல்லிலே அப்ப வைத்தான். மேல்நாட்டான் மட்டும் சளைத்தானா? காஸ்மாஸ், டேமியன் என்ற இரு புனிதர்கள் பற்றி அங்கே ஒரு கதை உண்டு. கோயில் ஊழியன் ஒருவனின் கால் அழுகிப்போயிற்றாம். அவன் உறங்குகையிலே புனிதர்கள் தோன்றி, அழுகிய காலை நீக்கிவிட்டு, அன்று புதைக்கப்பட்ட ஒரு கறுப்பு மனிதனின் காலைக் கொண்டுவந்து பொருத்தினார்களாம். விழித்தெழுந்த வெள்ளையனுக்கு ஒரு கால் வெள்ளை, ஒரு கால் கறுப்பு! ஓவியர்கள் பலர் இக்காட்சியைத் தீட்டியிருக்கிறார்கள். கதைதான், நடந்ததன்று. ஆனால் கதைகட்டியவன் தன்னையறியாமலே ஓர் உண்மையைக் கக்கிவிட்டான். கற்பனையிலேகூடக் கொடுப்பவன் கறுப்பன், பெறுபவன் வெள்ளையன். கல்லறையிலே கிடந்தவனிடம் இசைவு கேட்க வேண்டுமென்று புனிதர்களுக்கும் தோன்றவில்லை!

கதை கனவு கண்டதை அறிவியல் செய்து காட்டிற்று. மந்திரத்தால் அன்று, ஊசியாலும் நூலாலும், இடையறாத ஆராய்ச்சியாலும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அலெக்சிஸ் கேரல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் குருதிக்குழாயை ஒழுகாமல் தைக்கும் முறையைக் கண்டறிந்தார். 1912-இல் நோபல் பரிசு பெற்றார். 1905-இல் எட்வர்டு சிர்ம் என்பவர், இன்று செக் நாட்டிலுள்ள ஓலமுட்ஸ் நகரிலே, கருவிழிப் படலத்தை மாற்றிப் பார்வை தந்தார். ஆயினும், ஒருவர் உறுப்பை இன்னொருவர் உடலில் வைத்தால் சில நாட்களிலே அது அழுகிப்போயிற்று. ஏன்? பீட்டர் மெடாவர் என்ற ஆங்கிலேய அறிஞர் விடை கண்டார். உடல் தன்னுடையது எது, அயலானது எது என்று அறிகிறது. அயலானதை எதிர்த்து அழிக்கிறது. இந்தத் துறை ஆராய்ச்சிக்காக 1960-இல் அவருக்கும் பர்னெட் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தோழர்களே, இந்த இடத்திலே சற்று நில்லுங்கள். உடலுக்கு அயலார் யார்? வேற்று நிறத்தாரா? வேற்றுச் சாதியாரா? வேற்று மதத்தாரா? இல்லை! ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையர் நீங்கலாக எல்லாரும் அயலாரே. உடன்பிறந்தவனும் அயலான், ஈன்றெடுத்த தாயும் ஓரளவுக்கு அயலாள். 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் பாஸ்டன் நகரிலே ஜோசப் மர்ரே செய்த சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதற்கும் இதுவே காரணம். ரிச்சர்டு ஹெரிக்குக்குச் சிறுநீரகம் கொடுத்த ரொனால்டு, ஒரு கருவில் உதித்த இரட்டையர். அதை உறுதிப்படுத்த இருவரின் கைரேகைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்! அந்தச் சிறுநீரகத்தோடு தம்பி ரிச்சர்டு எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

குருதியின் கதையும் இதுவே. லேண்ட்ஸ்டைனர் 1901-இல் குருதிப் பிரிவுகளை வகுத்துக் காட்டினார். அந்த வகுப்பிலே வருணம் இல்லை. அக்கிரகாரத்து 'ஓ' பிரிவுக்காரருக்குச் சேரியின் 'ஓ' பிரிவுக் குருதி உறவு. அடுத்த அறையிலே உறங்கும் சொந்தத் தமையனின் 'ஏ' பிரிவுக் குருதி பகை! திசுப் பொருத்தம் இனக்குழுவுக்குள்ளே அமையும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது வாய்ப்புக் கணக்கு; மதிற்சுவர் அன்று. ஆயிரம் சாத்திரம் எழுதி வைத்தவர்களின் உடம்பே அவர்கள் எழுதியதைப் படிக்கவில்லை!

இந்த அறிவின் மீது நின்றே கிறிஸ்டியான் பார்னார்டு கேப் டவுனிலே கத்தியை எடுத்தார். நுட்பத்தை முதலில் வகுத்தவர்கள் அமெரிக்காவின் நார்மன் ஷம்வேயும் ரிச்சர்டு லோயரும்; 1959-இல் நாயின் இதயத்தை மாற்றிக் காட்டியவர்கள் அவர்கள். மனிதரிடத்திலே முதலில் செய்தவர் பார்னார்டு.

1967-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், கேப் டவுன் சாலையொன்றிலே, ரொட்டிக் கடைக்குச் சென்று திரும்பிய தாயும் மகளும் சீருந்து மோதி வீழ்ந்தார்கள். தாய் அங்கேயே மாண்டார். மகள் டெனிஸ் டார்வாலுக்கு வயது 25. தலையில் பட்ட அடியால் மூளை மீட்க முடியாதபடி சிதைந்துவிட்டது. ஒரே மாலையிலே மனைவியை இழந்து, மகளையும் இழக்கும் தந்தையிடம் சென்று மருத்துவர்கள் கேட்டார்கள்: "உங்கள் மகளின் இதயத்தைத் தருவீர்களா?" நான்கு மணித்துளிகள் எண்ணிப் பார்த்தாராம் எட்வர்டு டார்வால். பிறகு இசைந்தார். என் மகளைக் காப்பாற்ற இயலாதென்றால் அந்த மனிதரையாவது காப்பாற்றுங்கள் என்பதே அவர் முடிவின் பொருள். டிசம்பர் 3-ஆம் நாள் அவ்விதயம் லூயி வாஷ்கான்ஸ்கி என்ற மளிகை வணிகரின் மார்பிலே துடித்தது. 18 நாட்களுக்குப் பிறகு நுரையீரல் அழற்சியால் அவர் மாண்டார். ஆனால் இதயம் கடைசிவரை ஒழுங்காகவே துடித்தது.

டெனிஸின் சிறுநீரகம் ஒன்று எங்கே போயிற்று தெரியுமா? கலப்பினத்தைச் சேர்ந்த 10 வயதுச் சிறுவனுக்கு! வெள்ளைப் பெண்ணின் சிறுநீரகம் அந்த ஏழைச் சிறுவனின் உடலிலே வேலை செய்தது. ஒரு மாதம் கழித்து, ஹாப்ட்டின் இதயம் வெள்ளை மனிதரின் மார்பிலே வேலை செய்தது. கொடுக்கல் வாங்கல் இரு புறமும் நடந்துவிட்டது. இனி நிறவெறிக்கு என்ன வாதம் மிஞ்சிற்று?

வாதம் மிஞ்சவில்லை, ஆட்சி மிஞ்சியது! கேப் டவுனின் நடுவிலே இருந்த 'ஆறாம் வட்டம்' என்ற பகுதியை, 1966-ஆம் ஆண்டிலேயே வெள்ளையருக்கு மட்டும் உரியது என்று அரசு அறிவித்திருந்தது. ஹாப்ட்டின் இதயம் பிளைபெர்க்கின் உடலில் வாழ்ந்த நாட்களிலேதான், ஹாப்ட்டைப் போன்றோர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு வந்தனர். அவர்கள் வீடுகள் இடிக்கப்பட்டன. இதயம் வேண்டும், இதயத்துக்கு உரியவன் வேண்டாம் என்பதுதான் அந்த அரசின் அறம்! பிளைபெர்க் 1969 ஆகஸ்ட் 17-ஆம் நாள் மறைந்தார். இனப் பதிவுச் சட்டம் மறைந்ததோ 1991-ஆம் ஆண்டிலே. அறிவியல் ஒரே இரவில் உடைத்துக் காட்டிய பொய்யை, அரசியல் போராட்டம் உடைத்து முடிக்க மேலும் 23 ஆண்டுகள் தேவைப்பட்டன. அறிவு வளர்ந்தால் மடமை தானே ஓடிவிடும் என்று கை கட்டி இருப்போர் இதை உணர வேண்டும். மடமையால் ஆதாயம் பெறுவோர் இருக்கும் வரை, அதை ஓட்டத்தான் வேண்டும், தானே ஓடாது.

அதே கேப் டவுனிலே இன்னொரு மனிதரையும் நாம் காண வேண்டும். ஹாமில்டன் நாக்கி, கறுப்பர். ஆறாண்டுப் பள்ளிப் படிப்போடு ஊரை விட்டு வந்து, கேப் டவுன் பல்கலைக்கழகத்திலே தோட்ட வேலை செய்தவர். 1954-ஆம் ஆண்டு வாக்கிலே, ஆய்வுக்காகக் கொண்டுவந்த ஒட்டகச்சிவிங்கியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அவரை அழைத்தார் ஓர் ஆசிரியர். ஆய்வுக் கூடத்துக்குள் சென்ற நாக்கி, கண்ணால் கண்டு, கையால் பழகி, விலங்குகளுக்கு மயக்க மருந்து தரவும், குருதிக்குழாயைத் தைக்கவும், பன்றிகளுக்கு ஈரல் மாற்றவும் வல்லவரானார். பட்டம் பெற்ற மருத்துவர் பலர் அவரிடம் கற்றுச் சென்றனர். 1991-இல் ஓய்வு பெற்றபோது அவருக்குக் கிடைத்தது தோட்டக்காரருக்குரிய ஓய்வூதியம்! நிறவெறி ஆட்சி வீழ்ந்த பிறகே, 2002-இல் நாட்டின் விருதும், 2003-இல் பல்கலைக்கழகத்தின் சிறப்புப் பட்டமும் வந்தன.

அவர் 2005-இல் மறைந்தபோது, டெனிஸின் இதயத்தை வெட்டி எடுத்தவரே நாக்கிதான் என்று உலக ஏடுகள் எழுதின. பிறகு, அது நடந்ததன்று என்று தெரிந்து, திருத்தம் வெளியிட்டன. நாம் விரும்பத்தக்க கதைதான் அது. ஒடுக்கப்பட்டவனின் கையே உலகை வியக்க வைத்தது என்று பறைசாற்ற ஏற்ற கதை. ஆயினும் பொய் பொய்யே. பகைவன் கட்டிய புராணத்தை மறுக்கும் நாம், நமக்கு இனிக்கும் புராணத்தையும் மறுக்கக் கடமைப்பட்டவர்கள். நாக்கியின் மெய்யான வாழ்வே போதும், அந்த ஆட்சியின் முகத்திரையைக் கிழிக்க, பொய் தேவையில்லை.

கேப் டவுனிலே ஒன்றையேனும் முறையாகச் செய்தார்கள்: டார்வாலிடம் கேட்டார்கள், ஹாப்ட்டின் குடும்பத்தாரிடமும் இசைவு பெற்றார்கள். கேளாமல் எடுத்தால் என்னவாகும் என்பதை அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரம் காட்டிற்று. முன்னே குறித்த லோயர், வர்ஜீனியா மாநிலத்தின் இந்நகரிலேதான் பணி புரிந்தார். பார்னார்டு அவருடைய முறையை நேரில் கண்டதும் இங்கேதான்.

1968-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், புரூஸ் டக்கர் என்னும் கறுப்புத் தொழிலாளி தலையில் அடிபட்டு அங்குள்ள மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். மறுநாள் அவருடைய இதயம் ஒரு வெள்ளை வணிகரின் மார்புக்கு மாறிற்று. குடும்பத்தாரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, உரிமை கோருவாரற்ற உடல் என்றனர். அண்ணன் வில்லியம் டக்கர் அதே நகரிலே செருப்புத் தைக்கும் கடை வைத்திருந்தார். அவருடைய முகவரிச் சீட்டு தம்பியின் உடைமையிலேயே இருந்தது! ஈமச் சடங்கு செய்பவர் சொல்லித்தான், தம்பியின் உடலில் இதயமும் சிறுநீரகங்களும் இல்லை என்பது அண்ணனுக்குத் தெரிந்தது. வழக்குத் தொடுத்தார். வழக்காடியவர் டக்ளஸ் வைல்டர். பின்னாளிலே, 1990-இல், அம்மாநிலத்தின் ஆளுநராகப் பதவியேற்ற கறுப்பினத் தலைவர். 1972-இல் தீர்ப்பு வந்தது: மருத்துவர்கள் மீது குற்றமில்லை! மூளை இறந்தால் ஆள் இறந்தார் என்ற மருத்துவக் கருத்தை நடுவர் குழு ஏற்றுக்கொண்டது.

மூளைச்சாவு என்பது மெய்யான சாவே. அதில் நமக்கு ஐயமில்லை. 1968 ஆகஸ்டிலே ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு அதற்குரிய அடையாளங்களை வகுத்தது. மயக்கத்தில் ஆழ்ந்தவர் வேறு. மூளைத்தண்டு இறந்தவர் வேறு. முன்னவர் விழிக்கக்கூடும்; பின்னவருடைய மூச்சு அவருடையதன்று, இயந்திரத்தினுடையது. ஆனால், டக்கர் இறந்தாரா என்பது மட்டுமா கேள்வி? செருப்புத் தைப்பவரின் தம்பிக்குப் பதில் செல்வந்தர் ஒருவரின் மகன் அங்கே கிடந்திருந்தால், உரிமை கோருவாரற்ற உடல் என்று ஒரே நாளில் முடிவு கட்டியிருப்பார்களா? இதுவே கேள்வி! எளியவர் மருத்துவமனையைக் கண்டு அஞ்சும்போது, அத்தனையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். மறுபிறவியிலே குருடாய்ப் பிறப்போம் என்று அஞ்சுவது மடமை. அதைச் சிரித்து ஒழிக்கலாம். எங்களைக் கேளாமல் அறுத்துவிடுவார்கள் என்று அஞ்சுவது வரலாறு தந்த பாடம். அதைச் சட்டத்தாலும் நேர்மையாலும்தான் ஒழிக்க முடியும்.

கேளாமல் எடுப்பது ஒரு கொடுமை. விலை கொடுத்து எடுப்பது இன்னொன்று. 1970-களிலே கண்டறிந்து 1980-களிலே பரவிய சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து, உடலின் எதிர்ப்பை அடக்கிற்று. அயலாரின் உறுப்பும் நிலைக்கலாயிற்று. நன்மைதான். ஆனால் அயலாரின் உறுப்பு நிலைக்கும் என்றானதும், அயலாரின் வறுமையும் விலைக்கு வந்தது!

மீண்டும் தென்னாப்பிரிக்காவுக்கே வருவோம். இம்முறை டர்பன் நகருக்கு. 1860-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பலிலே நம் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்று இறங்கிய அதே டர்பன். அங்கே 2001 முதல் 2003 வரை, பிரேசில் நாட்டு ஏழைகளும் ருமேனிய ஏழைகளும் வரவழைக்கப்பட்டு, உறவினர் என்று பொய்த்தாள் எழுதப்பட்டு, அவர்களின் சிறுநீரகங்கள் வெளிநாட்டுச் செல்வர்களுக்கு மாற்றப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்ட அறுவைகள். 2010-இல் மருத்துவமனை நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிற்று. முன்பு மனிதனையே கப்பலேற்றினார்கள். பிறகு மனிதனின் ஓர் உறுப்புக்காக அவனை வானூர்தியில் ஏற்றினார்கள்!

பிற நாட்டுக் குற்றம் பேசி நாம் தப்பிவிட முடியாது. 1971-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலே சிறுநீரக மாற்று வெற்றி கண்டது, நமக்குப் பெருமை. அதன் பின் சென்னையிலே சிறுநீரகச் சந்தை பெருகிற்று, வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே பெயராயிற்று, நமக்கு இழிவு. 1994-ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் விற்பனையைக் குற்றமாக்கியது. ஆயினும் 2004 ஆழிப்பேரலையில் அனைத்தும் இழந்து எர்ணாவூரிலே குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி, 2007-இல் வெளிவந்தது. 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கினார்கள் என்ற புகார் எழுந்து, அரசு விசாரணைக்கு ஆணையிட்டது. மீனவர், நெசவாளர்! பட்டியலிலே ஆலை முதலாளி உண்டா? வட்டிக் கடைக்காரர் உண்டா?

என் உடல் என் உடைமை. விற்க எனக்கு உரிமை இல்லையா என்று கேட்பார் சிலர். தன்னுரிமை பேசும் நாம் இக்கேள்வியை ஒதுக்கிவிடலாகாது. விடை இதோ. உரிமை என்றால் மறுக்கவும் வழி இருக்க வேண்டும். கடன் கொடுத்தவன் வாயிற்படியிலே நிற்க, அடுப்பிலே பூனை உறங்க, 'விற்கிறேன்' என்று எழும் குரல் உரிமைக் குரலா, ஓலமா? சென்னையிலே சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். அவர்களில் 71 விழுக்காட்டினர் பெண்கள். 96 விழுக்காட்டினர் விற்றது கடனை அடைக்க. சராசரியாகக் கிடைத்தது 1,070 டாலர். விற்ற பின் குடும்ப வருவாய் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 86 விழுக்காட்டினர் உடல்நலம் குன்றியதாகக் கூறினர். பிறருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றவர்கள் 79 விழுக்காடு. உறுப்பு போயிற்று, உழைக்கும் வலிவு குன்றிற்று, வறுமை மட்டும் போகவில்லை! விற்ற பொருள் சிறுநீரகம் அன்று, நாளைய கூலி.

கொடையிலேயும் கண் வைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1995 முதல் 2021 வரை இந்தியாவிலே நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில், உறுப்பைப் பெற்ற பெண்கள் 6,945 பேர் மட்டுமே. உயிரோடு இருக்கையில் உறுப்பு தருவோரிலோ பெரும்பான்மையர் பெண்கள். மனைவி கொடுப்பாள், தாய் கொடுப்பாள், தமக்கை கொடுப்பாள். பெறுவதென்று வந்தால் ஆண்! பதிபக்தி என்ற பழைய சரக்கு அறுவைக் கூடத்துக்குள்ளும் புகுந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அப்படியானால் இந்த மருத்துவமே வேண்டாமா? அப்படிச் சொல்பவர்கள் அல்லர் நாம். கத்தி தவறு செய்யவில்லை. கத்தியைச் சூழ்ந்த சமுதாயம் தவறு செய்தது. திருத்த வேண்டியது சமுதாயத்தை. திருந்த முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 2008-ஆம் ஆண்டு தமிழக அரசு, இறந்தோர் உறுப்புக் கொடைக்கென முறையான திட்டம் வகுத்தது. அவ்வாண்டு செப்டம்பரிலே, விபத்தில் மூளைச்சாவடைந்த திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஒருவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் தந்தனர். அவன் இதயம் செல்வதற்காகச் சென்னைச் சாலைகள் வழிவிட்டன. ஒரு சிறுமியின் மார்பிலே அது துடித்தது. மாநிலமே எழுந்து நின்று பார்த்தது. 2023-ஆம் ஆண்டு செப்டம்பரிலே, உறுப்புக் கொடையளிப்போரின் இறுதி நிகழ்வு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று தமிழக முதல்வர் அறிவித்தார். கூலித் தொழிலாளியின் உடலுக்கும் அரசு தலை வணங்குகிறது. ஹாப்ட்டுக்கு அவர் நாடு செய்யாதது இது.

சட்டத்தின் காவலையும் மக்கள் அறிய வேண்டும். மூளைச்சாவை நான்கு மருத்துவர் கொண்ட குழு உறுதி செய்ய வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரு முறை சோதிக்க வேண்டும். உறுப்பை மாற்றும் மருத்துவர் அக்குழுவிலே இருத்தல் கூடாது. குடும்பத்தார் மறுத்தால் யாரும் தொட முடியாது. இதை ஊர்தோறும் சொல்ல வேண்டும். சொல்வதோடு நில்லாமல், சட்டம் ஏட்டில் உள்ளபடி நாட்டில் நடக்கிறதா என்று கண்காணிக்கவும் வேண்டும். காத்திருப்போர் பட்டியலிலே, பணப்பை பருத்தவன் வரிசையைத் தாண்டுகிறானா என்று கேட்க வேண்டும்.

இளைஞர்களே! புதைத்தால் மண், எரித்தால் சாம்பல். கண்ணப்பன் கண்ணைக் கல்லுக்குக் கொடுத்தான், கல் பார்க்கவில்லை. நாம் மனிதருக்குக் கொடுப்போம், அவர் பார்ப்பார். இன்றிரவு வீட்டிலே சொல்லுங்கள்: "நான் இறந்தால் என் உறுப்புகள் பயன்பட வேண்டும்." அட்டையிலே எழுதி வைப்பது மட்டும் போதாது, முடிவு செய்யும் நேரத்திலே நம் வீட்டாரிடம்தான் கேட்பார்கள். அவர்களுக்கு நம் உள்ளம் தெரிந்திருக்க வேண்டும்.

அதோடு நம் வேலை முடியவில்லை. இறந்த பின் இதயத்தைக் கொடுக்க இசைபவன், இருக்கும்போது இரண்டாம் குவளையைச் சகித்துக்கொண்டிருப்பானா? தன் கருவிழி எந்தச் சாதிக்காரனின் முகத்திலே பொருந்தினாலும் சரி என்பவன், தன் மகள் எந்தச் சாதிக்காரனை மணந்தாலும் சரி என்று சொல்லத் தயங்கலாமா? மார்புக்குள்ளே இடம் கொடுக்கும் நாடு, தெருவிலே இடம் கொடுக்க மறுக்கலாமா? கேப் டவுன் கேட்ட கேள்வி இதுவே. அங்கே அதற்கு விடை வர 23 ஆண்டுகள் ஆயின. இங்கே எத்தனை ஆண்டுகள் என்பதை, நண்பர்களே, நாம்தான் சொல்ல வேண்டும்.